துப்பாக்கிச் சட்டமும் குற்ற விகிதமும்: கணக்கு தப்பும் இடங்கள்

“சட்டத்தைத் தளர்த்தினார்கள், குற்றம் குறைந்துவிட்டது.” பொது இடத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல பெர்மிட் (அனுமதி) தரும் சட்டங்களைப் பற்றிய அமெரிக்க விவாதத்தில் அதிகம் அடிபடும் இந்த வாதம்தான் முதல் தவறு. 1991-க்கும் 2000-க்கும் இடையில் அந்நாட்டின் வன்முறைக் குற்ற விகிதமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. கெடுபிடியான சட்டம் இருந்த நியூயார்க் நகரில் 1990-இல் 2,200-க்கு மேல் நடந்த கொலைகள், 1998-இல் 650-க்கும் கீழே வந்தன. ஒரு மாநிலத்தில் குறைந்ததா என்று கேட்டுப் பயனில்லை. சட்டம் மாற்றாத மாநிலங்களைவிட அதிகமாகக் குறைந்ததா என்று கேட்க வேண்டும்.

அப்படி ஒப்பிடும்போதும் எந்த ஆண்டுகளை எடுக்கிறோம் என்பதில் கோட்டை விடலாம். ஜான் லாட்டும் டேவிட் மஸ்டர்டும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, சட்டம் தளர்ந்தால் குற்றம் குறையும் என்றது. அவர்கள் எடுத்த தரவு 1977 முதல் 1992 வரை. கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருளும் அதையொட்டிய வன்முறையும் உச்சத்தில் இருந்த காலம் அது. அதில் அதிகம் அடிபட்ட நியூயார்க், கலிபோர்னியா போன்றவை சட்டத்தைத் தளர்த்தாதவை. எனவே தளர்த்திய மாநிலங்கள் தாமாகவே நல்ல பிள்ளைகளாகத் தெரிந்தன. அலை வடிந்த பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்தால் அந்த முடிவு நிற்பதில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த அறிஞர் குழு 2004-இல் இதையெல்லாம் அலசி, எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல இயலாது என்றது. குழுவில் ஜேம்ஸ் க்யூ. வில்சன் மட்டும் கொலை விஷயத்தில் மாறுபட்டார்.

எதிர்த்தரப்பும் தப்புவதில்லை. ஆய்வாளர் ஜான் டோனஹியூ குழுவின் 2019 ஆய்வை “குற்றம் 13 முதல் 15 சதவீதம் ஏறியது” என்று எழுதுகிறார்கள். ஆய்வு சொல்வது வேறு: சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, அது வராமலிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட வன்முறைக் குற்றம் அவ்வளவு அதிகம். அந்த மாநிலங்களிலும் குற்றம் குறைந்தே இருக்கலாம், ஆனால் மற்ற இடங்களில் குறைந்த அளவுக்கு இல்லை.

“பெர்மிட் வைத்திருப்பவர் குற்றம் செய்வதில்லை, பிறகு எப்படி ஏறும்?” என்பது நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் பெர்மிட்காரரே சுட வேண்டும் என்பதில்லை. நீதிமன்றத்துக்குள் துப்பாக்கியோடு போக முடியாதவர் அதைக் காரின் டேஷ்போர்டு அறையில் வைத்துவிட்டுப் போகிறார். கண்ணாடியை உடைத்து எடுத்தவன் கையில் அது வேறு வேலை பார்க்கிறது. தளர்வுக்குப் பின் துப்பாக்கித் திருட்டு கூடியதையும், போலீஸ் துப்புத் துலக்கும் விகிதம் சரிந்ததையும் 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, தகுதியிருந்தால் பெர்மிட் தந்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தைப் பற்றியவை. டெக்சாஸ் 2021-இலும் புளோரிடா 2023-இலும் கொண்டுவந்ததோ பெர்மிட்டே வேண்டாம் என்ற சட்டம். முதல் வகைச் சட்டத்துக்குக் கிடைத்த எண்ணை இந்த இரண்டாம் வகைக்கு ஒட்டக்கூடாது.

மொத்தத் துப்பாக்கி மரணங்களைக் குற்றமாக எண்ணுவதும் பிழை. 2021-இல் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

டெக்சாஸ் சட்டத்தின் விளைவை அளப்பவர் தேதியையும் பார்க்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்தது 2021 செப்டம்பர் 1. அந்த ஆண்டில் நான்கே மாதம்தான் அதற்கு உட்பட்டது. 2020-இல் நாடெங்கும் கொலை விகிதம் ஏறத்தாழ 30 சதவீதம் எகிறியிருந்தது. போதாக்குறைக்கு, நாடெங்குமுள்ள குற்றக் கணக்கைத் தொகுக்கும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2021-இல் தரவு சேகரிக்கும் முறையையே மாற்றியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீசாரின் கணக்கு அந்த ஆண்டுத் தொகுப்பில் இல்லை.