போல்ட் ஏறிவிட்டால் போதுமா? ஹாட் ராடுக்குப் பழைய டிரம் பிரேக் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

ஹென்றி ஃபோர்டு பிடிவாதக்காரர். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஆயில் அழுத்தத்தால் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிப் பல வருஷம் கழித்து, 1939 மாடலில்தான் அவருடைய கார்கள் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்கைக் கைவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கலிபோர்னியா பையன்கள் காயலான் கடைக்குப் போய் 1940-48 கார்களின் பிரேக்கைக் கழற்றிவந்து தங்கள் பழைய ஃபோர்டுகளான மாடல் ஏ-க்கும் 1932 ரோட்ஸ்டருக்கும் மாட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஜூஸ் பிரேக்'. இன்றைக்கும் பழைய பாணி ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) கட்டுகிறவர்கள் அதே வழியில்தான் போகிறார்கள்.

ஃபோர்டின் பழைய பாகங்கள் ஒன்றுக்கொன்று சுலபமாக மாட்டிக்கொள்ளும். அதுதான் சௌகரியம், ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான்.

வீலையே எடுத்துக்கொள்வோம். மாடல் ஏ-யின் கம்பி வீலிலும் 1940-48 டிரம்மிலும் (வீலோடு சுழலும் பிரேக் உருளை) ஐந்து போல்ட், 5½ இன்ச் வட்டம். கையால் தூக்கி வைத்தாலே உட்கார்ந்துவிடும். ஆனால் கம்பி வீலின் நடுப்பகுதி குவிந்த தகடு. பழைய டிரம்மில் அதன் வெளி விளிம்புக்கு முட்டு இருந்தது. பிந்தைய டிரம்மில் அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது. நட்டை முடுக்க முடுக்கத் தகடு உள்ளே வளையும். நாளடைவில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். இதற்கென்றே விற்கும் வளையத்தை டிரம்முக்கும் வீலுக்கும் நடுவே போட்டாக வேண்டும். முதல் தடவை நான் போடவில்லை. சாயங்காலம் ஐந்து நட்டையும் இறுக்கிவிட்டு, தெருவில் இரண்டு மைல் ஓட்டிவந்து நிறுத்தினேன். மறுநாள் காலையில் ஸ்பேனரை வைத்தால் ஒவ்வொரு நட்டும் அரைச் சுற்று போகிறது. நட்டு தளரவில்லை, தகடுதான் உள்வாங்கியிருக்கிறது என்று புரிய அரை நாள் ஆனது.

'1939 ஹைட்ராலிக் செட்' என்று மலிவாக வந்தால் அவசரப்பட வேண்டாம். பிரேக் நல்லதுதான். ஆனால் 1936-39 வீல்களின் போல்ட் வட்டம் 10¼ இன்ச். உங்களிடம் இருக்கும் வீல் எதுவும் அதில் ஏறாது.

முன் வீல் சுழலும் அச்சான ஸ்பிண்டிலிலும் இதே ஏமாற்று உண்டு. 1937-க்கு முந்தைய ஸ்பிண்டிலில் பிந்தைய பேக் பிளேட்டை (ஷூக்களைத் தாங்கும் தகடு) வைத்தால் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். மையம் பிடிக்க ஒரு வளையம் வேண்டும். அது இல்லாமல் நாலு போல்ட்டை மட்டும் நம்பினால், பிளேட் ஒரு நூல் விலகி உட்கார்ந்தாலும் டிரம்மின் உள்சுவரில் அழுந்திப் பிடிக்கும் ஷூ இரண்டும் டிரம்மின் மையத்தில் இருக்காது. பிறகு எத்தனை அட்ஜஸ்ட் செய்தாலும் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் தொடாது.

ஷூவை இடம் மாற்றி மாட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அதையும் அனுபவசாலிகள்தான் செய்கிறார்கள். பிற்கால அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் இருந்த பெண்டிக்ஸ் முறையில், குட்டை லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கும், நீளமானது பின்னால். அங்கே முன் ஷூ டிரம்மோடு சுழல முயன்று கீழேயுள்ள அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளும்; பாரத்தில் பெரும்பகுதி பின் ஷூ மேல் விழும். 1939-48 ஃபோர்டில் இருப்பது லாக்ஹீட் முறை. இரண்டு ஷூவும் கீழே தனித்தனி ஆங்கர் பின்னில் நிற்கின்றன, ஒன்றை ஒன்று தள்ளாது. வண்டி முன்னால் ஓடும்போது முன் ஷூவை டிரம்மே உள்ளிழுத்துக்கொள்வதால் அதற்குத்தான் வேலை அதிகம். ஆகவே நீள லைனிங் முன்னால், குட்டை பின்னால். நாற்பது வருஷம் பெண்டிக்ஸ் மாட்டிய கை, கண் பார்க்குமுன்னே மாற்றி மாட்டிவிடும். பிரேக் பிடிக்கத்தான் செய்யும், சுமாராகப் பிடிக்கும். 'பழைய வண்டி, இவ்வளவுதான்' என்று பழியை லாக்ஹீட் மேல் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தக் கெட்ட பெயருக்கு இன்னொரு காரணம் கீழ் ஆங்கர். அது மையம் விலகிய பின். திருப்பினால் ஷூவின் அடிப்பாகம் டிரம்மை நோக்கி நகரும். பலர் மேலே உள்ள அட்ஜஸ்டரை மட்டும் திருப்பிவிட்டு விட்டுவிடுகிறார்கள். லைனிங்கின் மேல் நுனி மட்டும் தொடும், பெடல் பஞ்சுபோல அமுங்கும், ஏர் இருக்கிறது என்று நினைத்து அரை லிட்டர் பிரேக் ஆயிலை வீணாக்குவார்கள். லைனிங்கின் குறுக்கே சாக்பீஸால் ஏழெட்டுக் கோடு போடுங்கள். டிரம்மை மாட்டி, பிரேக்கை லேசாக மிதித்தபடி ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். எந்தக் கோடு அழிந்தது, எது அப்படியே இருக்கிறது என்று பார்த்தால் போதும். மேல் கோடு மட்டும் அழிந்திருந்தால் கீழ் ஆங்கரைத் திருப்ப வேண்டும். இரு முனையும் அழியாமல் நடு மட்டும் அழிந்திருந்தால், லேத்தில் கடைந்த டிரம் பெரிதாகிவிட்டது, ஷூவின் வளைவு அதோடு சேரவில்லை. அந்த டிரம்முக்கே ஷூவை அரைத்து வாங்க வேண்டும். 12 இன்ச் டிரம்மை விட்டத்தில் 0.060 இன்ச்சுக்கு மேல் கடைந்திருந்தால் நான் வாங்குவதில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசி தட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பின் ஆக்சிலின் முனை கூம்பு வடிவம். வீலின் நடுப்பாகமான ஹப் அதில் இறுகி நிற்க வேண்டும். சுழற்று விசையைத் தாங்குவது அந்தக் கூம்புப் பிடிதான். நடுவில் உள்ள சாவியை (இரண்டையும் பூட்டும் சிறு உலோகத் துண்டு) மட்டும் நம்பினால் அது ஒருநாள் நறுக்கென்று வெட்டுப்படும். அதனால் அங்கே கிரீஸ், ஆயில் எதுவும் கூடாது. நட்டு கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னின் ஓட்டை நேர்ப்படவில்லையா, நட்டை இன்னும் முடுக்குங்கள். பின்னால் தளர்த்தி ஓட்டையைப் பிடிக்கக் கூடாது. கூம்பு தேய்ந்த ஆக்சிலில் டிரம் கூடுதலாக உள்ளே போய் பேக் பிளேட்டில் உரசும். டிரம்மின் ஓரத்தைச் சீவாதீர்கள், கூம்புக்கு உரிய ஷிம் (மெல்லிய தகடு) கிடைக்கிறது. கழற்றும்போதும் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல் புல்லர் போடுங்கள்.

பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், வண்டியின் தரைக்கு அடியில், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்களை ஒட்டிய உயரத்தில் இருக்கும். லைனில் 10 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு 10 பவுண்டு) அளவுக்கு மிச்ச அழுத்தம் நிற்க வேண்டும். அதற்கான வால்வு சில சிலிண்டர்களுக்குள்ளேயே இருக்கும். இருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே இன்னொன்று போடுகிறவர்களும் உண்டு, டிஸ்க் பிரேக்குக்கான 2 பிஎஸ்ஐ வால்வைப் போடுகிறவர்களும் உண்டு. அசல் ஒற்றை அறைச் சிலிண்டரே வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இரட்டை அறை வைத்துக்கொள்வது என் கட்சி. ஒரு ஹோஸ் வெடித்தாலும் இரண்டு வீலாவது பிடிக்கும். அது தரைக்கு அடியில் இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

ப்யூக் காரின் துடுப்பு வைத்த அலுமினிய டிரம் ஆசைப்பட வேண்டிய பொருள்தான். ஆனால் முன்பக்கத்துக்கு அது 12 இன்ச் விட்டம், 2¼ இன்ச் அகலம். 15 இன்ச் ரிம்முக்குள் விரலே போகாது. வெறும் வீல் இடிக்காமல் சுற்றும், பேலன்ஸ் செய்து உள் விளிம்பில் ஈயக் கட்டி மாட்டிய பிறகு துடுப்பில் டக்டக்கென்று அடிக்கும். கட்டி மாட்டிய நிலையில், ஸ்டியரிங்கை இரு கோடி வரை திருப்பி, முன் வீல் இரண்டையும் இணைக்கும் டை ராடில் இடிக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆளில்லாத சாலையில் பத்துப் பதினைந்து தடவை மிதமாக மிதித்து நிறுத்திவிட்டு இறங்குங்கள். நாலு டிரம் மேலும் சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவி பறந்தால், மறுபடி சாக்பீஸை எடுத்துக்கொண்டு அந்த வீலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.