வீட்டுத் தையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் தைத்த சட்டை உடம்பில் சரியாக உட்காரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது மிஷின்தான். அப்புறம் நூல். பாவம், பெரும்பாலும் இரண்டின் மீதும் குற்றமில்லை. கழுத்து பின்னால் இழுப்பது, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருவது, ஒரு முறை துவைத்ததும் இடுப்பில் ஏறாமல் போவது எல்லாம் துணியை விரித்து அளவு போட்டபோதே முடிவாகிவிட்டவை. தைத்து முடித்த பிறகு நம் கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான். அதனால் இங்கே வெட்டுவதற்கு முன் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலாவது, புதுத் துணியைத் துவைக்காமல் அப்படியே வெட்டுவது. தறியில் நூலை இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். அதற்குப் பிறகு சாயம் போட்டுப் பதப்படுத்தும்போதும் துணி இழுபடுகிறது. தண்ணீரில் நனைந்ததும் நூல்கள் தளர்ந்து தங்கள் இயல்பான நிலைக்குத் திரும்பும். பருத்தித் துணி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். மார்புச் சுற்று 100 செ.மீ. வரும்படி தைத்த சட்டை 4 சதவீதம் சுருங்கினால் 4 செ.மீ. போய்விடும். கச்சிதமாக இருந்த சட்டையில் பட்டன் பிதுங்க இது போதும். பொதுவாக அகலத்தைவிட நீளத்தில்தான் சுருக்கம் அதிகம். பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறுவது அதனால்தான்.

தைத்த பிறகு அந்த உடையை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ, துணியையும் முதலில் அப்படியே துவைக்க வேண்டும். மிஷினில் போடப்போகிற சட்டை என்றால் துணியையும் மிஷினில் போடுங்கள். வாளியில் ஒரு முக்கு முக்கி எடுப்பது போதாது. வெட்டிய இரு முனைகளிலும் ஒரு ஜிக்ஜாக் தையல் ஓட்டிவிட்டால் பிசிறு கிளம்பாது. லைனிங் துணியையும் மறக்கக் கூடாது. வெளித்துணி அப்படியே இருந்து உள்ளே லைனிங் மட்டும் சுருங்கினால், எத்தனை முறை அயர்ன் பண்ணினாலும் அந்தச் சுருக்கம் போகாது. பாலியஸ்டருக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. பட்டு, கம்பளி என்றால் ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி நனைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது துணியின் வாட்டம், அதாவது இழைகள் ஓடும் திசை. பேட்டர்ன் தாளில், அதாவது வெட்ட வேண்டிய பாகங்களின் வடிவம் வரைந்த தாளில், இரு முனை அம்பு ஒன்று போட்டிருப்பார்கள். துணியின் ஓரக்கரைக்கு அது இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் துணி மிச்சமாகுமே என்று தாளைச் சற்றே திருப்பி வைத்து வெட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். பேன்ட் கால் முறுக்கிக்கொண்டு தையல் முன்னங்காலுக்கு வருகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கண்ணால் பார்த்து வைத்தால் போதாது. அம்பின் மேல் முனையிலிருந்து கரை வரை அளவெடுங்கள், கீழ் முனையிலிருந்தும் எடுங்கள். மேலே 22, கீழே 23 என்று வந்தால் தாளை நகர்த்தி, இரண்டும் ஒன்றாகும் வரை சரிசெய்த பிறகுதான் குண்டூசி குத்த வேண்டும்.

துணி 45 டிகிரி சாய்வில்தான் அதிகமாக இழுபடும். கழுத்துப் பட்டிக்கு இந்தச் சாய்வில் 'கிராஸ் பீஸ்' வெட்டுவது அதனால்தான். வளைவில் அது சொன்னபடி கேட்கும். ஆனால் அதே குணம் வட்டப் பாவாடையில் தொல்லை கொடுக்கும். வட்டத்தில் சில பகுதிகள் நேர் வாட்டத்தில் இருக்கும், சில கிராஸில் இருக்கும். கிராஸில் இருப்பவை தம் எடையாலேயே கீழே இறங்கும். தைத்த கையோடு கீழ் ஓரத்தை மடித்துவிட்டால் சில நாளில் ஓரம் ஏற்ற இறக்கமாகிவிடும். ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்து சமமாக வெட்டிய பிறகு மடியுங்கள். பூவெல்லாம் ஒரே திசையில் நிற்கும் பிரிண்ட், வெல்வெட் இரண்டுக்கும் எல்லாப் பாகங்களும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அதற்குத் துணி கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

அளவு விஷயத்தில் பலரும் உடம்பின் அளவையும் உடையின் அளவையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மார்பு 92 என்றால் சட்டையும் 92 அல்ல. நீட்சி இல்லாத துணியில் மூச்சு விடவும் கையைத் தூக்கவும் 8 முதல் 10 செ.மீ. வரை லூஸ் வேண்டும். தனக்குத் தானே அளவெடுக்கும்போது இஞ்ச் டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடும், அது தெரியவும் தெரியாது. வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். இடுப்புக்குக் கீழே உட்கார்ந்த நிலையிலும் ஒரு அளவு எடுத்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், நன்றாகப் பொருந்துகிற பழைய உடையைத் தரையில் விரித்து அளப்பதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமானது.

எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் 1863-இல் பல அளவுகளில் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் பேட்டர்ன் அளவும் ரெடிமேட் உடையின் அளவும் ஒன்றல்ல. கடையில் 'மீடியம்' வாங்குகிறோம் என்பதற்காகப் பேட்டர்னிலும் மீடியத்தை வெட்டிவிடாமல், அதில் உள்ள செ.மீ. அட்டவணையைப் பாருங்கள். தையல் மார்ஜின், அதாவது தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி, சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில பேட்டர்ன்களில் 1.5 செ.மீ. சேர்த்தே வரைந்திருப்பார்கள், சிலவற்றில் நாம்தான் விட வேண்டும். சட்டையின் இரு பக்கத் தையலுக்கு நான்கு ஓரங்கள். மார்ஜினே இல்லாத தாளை அப்படியே வெட்டினால் சுற்றளவில் 6 செ.மீ. காணாமல் போகும். ஏற்கெனவே உள்ள மார்ஜினோடு இன்னொரு முறை சேர்த்து, தைக்கும்போது ஒரு மார்ஜின் மட்டுமே விட்டுத் தைத்தால் அதே 6 செ.மீ. லூஸாகத் தொங்கும்.

குழந்தைகளுக்குத் தைக்கும்போது நடக்கும் தவறுகள் வேறு வகை. 'வளர்கிற பிள்ளைதானே' என்று இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்தால் தோள் சரிந்து, கழுத்து அகன்று, இந்த வருடமும் போட முடியாது. குழந்தை அகலத்தைவிட உயரத்தில்தான் வேகமாக வளரும். தோளையும் கழுத்தையும் இப்போதைய அளவுக்கே வைத்து, கீழ் மடிப்பில் 5 செ.மீ. அதிகம் விடுங்கள், அல்லது உள்பக்கம் டக் (மடிப்புத் தையல்) பிடித்து வையுங்கள். பிறகு பிரித்து நீட்டிக்கொள்ளலாம். கழுத்து வெட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது கழுத்தின் அளவை அல்ல, தலையின் அளவை. ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவே சுமார் 46 செ.மீ. இருக்கும். கழுத்துத் திறப்பு அதைவிடச் சிறிதாக இருந்தால் பின்பக்கமோ தோளிலோ பட்டன் வைத்துத் திறப்பு கொடுக்க வேண்டும். தொப்பியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். ஊஞ்சல், சறுக்குமரம், கதவு என எதிலாவது சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவின் ஈ.என் 14682 என்ற தரவிதி, சிறு குழந்தைகளின் உடையில் இந்த இடங்களில் கயிறு வைக்கக் கூடாது என்றே சொல்கிறது.

சரி, இனி மிஷினுக்கு வருவோம். துணியின் அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சுருண்டால் பலரும் அடி நூல் சுற்றிய பாபினைக் கழற்றிக் குடைவார்கள். அநேகமாகத் தவறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள், டென்ஷன் திருகைத் தொடுவதற்கு முன்பே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

ஊசி உடையும் வரை மாற்றாமல் ஓட்டுவதும் பரவலான பழக்கம். சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். உறையில் 90/14 என்று இருந்தால் 90 என்பது ஊசித்தண்டின் தடிமன், அதாவது 0.9 மி.மீ. மெல்லிய பருத்திக்கு 75/11, சாதாரணத் துணிக்கு 90/14, ஜீன்ஸுக்கு 100/16. பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி வேண்டும், கூரான ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். பனியன் துணியில் நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது 'பட்' என்று அறுந்துவிடும்; லேசான ஜிக்ஜாக் போடுங்கள்.

எல்லாம் தைத்துவிட்டு மொத்தமாக அயர்ன் பண்ணிக்கொள்ளலாம் என்பதும் ஒரு சோம்பல் கணக்கு. ஒரு தையல் இன்னொரு தையலைக் குறுக்கே கடப்பதற்கு முன், முதல் தையலின் மார்ஜினை இரு பக்கமும் விரித்து அயர்னால் படிய வைக்க வேண்டும். பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள், இல்லையென்றால் வளைவுகள் நீண்டுவிடும். கழுத்து வளைவைத் திருப்பும் முன் மார்ஜினில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டு கொடுக்காவிட்டால் பட்டி படியாது.

துணிப்பை, தோள்பை தைப்பவர்கள் உருவத்துக்குக் கொடுக்கும் கவனத்தைக் கைப்பிடிக்குக் கொடுப்பதில்லை. எடை முழுவதும் தொங்குவது கைப்பிடியின் இரு முனைகளில்தான். மேல் விளிம்பில் சொருகி ஒரே வரித் தையல் போட்டால் முதலில் கிழிவது அந்த இடம்தான். கைப்பிடியைப் பையின் மேல் 3 அல்லது 4 செ.மீ. கீழே இறக்கி, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறிபோல் குறுக்கே இரண்டு தையல் போடுங்கள். உள்பக்கம் கெட்டித் துணியில் ஒரு ஒட்டு கொடுத்தால் மெல்லிய பருத்திப் பையும் எடை தாங்கும்.