பழைய ஜீப்பை ஓடையில் இறக்கும் முன் ஆக்சில் பிரீதரைப் பாருங்கள்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் இன்னும் பழைய மஹிந்திரா ஜீப்பை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஓடும் நாட்களில், ஆக்சில் ஹவுசிங்கின் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின்) மேலே இருக்கும் பிரீதரை, அதாவது உள்ளே காற்று போய்வரும் துளையின் மூடியைக் கட்டாயம் பாருங்கள். சின்ன மூடிதான். செம்மண் சேறு இறுகிப்போனால் இருக்கிற இடமே தெரியாது.

ஓடி வந்த வண்டியில் ஆக்சில் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும்.

சுற்றிலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் மண் உள்ளே விழும். டீசலில் கழுவிக் காற்றடித்து மாட்டினால் போதும். ஆனால் பிரீதரே மூழ்கும் ஆழம் என்றால் அது பத்தாது. அந்த இடத்தில் ஹோஸ் மாட்டும் நிப்பிள் போட்டு, டீசல் ஹோஸை கிளாம்ப் வைத்து இறுக்கி பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். முனையில் பைக் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகினால் தூசியும் உள்ளே போகாது. ஆக்சில் ஏறி இறங்கும், அதனால் ஹோஸைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். சைலன்சரில் படக் கூடாது.

ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிவிட்டதா? ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவையுங்கள். காலையில் ஆக்சிலில் ஆயில் ஊற்றும் மேல் போல்ட் கழலுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அடி போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் டீ நிறத்தில் கலங்கி வந்தால் மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புது கியர் ஆயில் ஊற்றுங்கள்.