மீன் தொட்டி லைட்டுக்கும் ஃபேனுக்கும் சுவிட்ச் வைக்கும்போது

ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது, வெறும் ஒயரைத் தண்ணீர்ப் பக்கம் விடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதிதாகத் தொட்டி வைப்பவர்களின் ஒயரிங்கில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை வேறு வகை. லைட் எரியும், ஃபேன் சுற்றும், தவறு மட்டும் உள்ளே அப்படியே இருக்கும்.

நியூட்ரலில் சுவிட்ச்

இத்தனை பேர் எச்சரித்தும் இது குறையவே இல்லை என்பதுதான் எரிச்சல். சுவிட்சை ஃபேஸில் (கரன்ட் வரும் ஒயர்) வைத்தாலும் நியூட்ரலில் (கரன்ட் திரும்பும் ஒயர்) வைத்தாலும், போட்டால் லைட் எரியும், அணைத்தால் அணையும். வித்தியாசம் அணைத்த பிறகுதான். நியூட்ரலைத் துண்டித்திருந்தால் லைட்டுக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். "சுவிட்சை அணைத்துவிட்டேனே" என்ற நம்பிக்கையில் மூடியைத் தூக்கி, ஈரக் கையோடு லைட்டைத் துடைப்பவருக்குத்தான் ஆபத்து.

சோதிப்பதிலும் ஏமாறுகிறார்கள். சுவிட்சை அணைத்துவிட்டு லைட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே தனித்தனியாக அளக்க வேண்டும். 230-ஐ ஒட்டிக் காட்டினால் சுவிட்ச் தப்பான ஒயரில் இருக்கிறது. அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மின்னுவது இன்னொரு அறிகுறி. ஆனால் சுவிட்சுக்குள் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி மின்னும் என்பதால் அளந்துதான் முடிவுக்கு வர வேண்டும்.

தண்ணீரில் கரன்ட் இல்லை என்பதற்கு மீன்கள் நன்றாக நீந்துவதை ஆதாரமாகச் சொல்பவர்கள் உண்டு. கரன்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஷாக் அடிக்காததைப் போலத்தான் இதுவும். கண்ணாடித் தொட்டியில் கரன்ட் தரைக்கு இறங்க வழி இல்லாதவரை மீனுக்கு ஒன்றும் ஆகாது. கையை விடுபவர்தான் அந்த வழியாக மாறுகிறார். 6 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) இதில் காப்பாற்றாது. உடம்பில் பாயும் சில பத்து மில்லியாம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) அவசியம்.

ஒயரின் நிறத்தை மட்டும் நம்பினால் போதாது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அங்கே ஒற்றை ஒயரைத் துண்டிக்கும் சுவிட்சால் பயனில்லை. நான்கு பின் உள்ள டபுள் போல் சுவிட்ச் போட்டால் இரண்டு ஒயரும் சேர்ந்து துண்டிக்கப்படும். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: ஒரே ஜோடியின் இரண்டு பின்களில் ஃபேஸையும் நியூட்ரலையும் கொடுத்தால், சுவிட்சைப் போட்டதும் ஷார்ட். இணைப்பதற்கு முன்பே சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, எந்தப் பின்னும் எந்தப் பின்னும் ஜோடி என்று மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்தாலும், தொட்டிக்குள் கை விடும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இண்டிகேட்டர் சுவிட்சின் மூன்றாவது பின்

மூன்று பின் ராக்கர் சுவிட்சில் ஃபேஸ் ஒன்றில் வரும், லோடு (லைட் அல்லது ஃபேன்) இன்னொன்றில் போகும், மூன்றாவது உள்ளே இருக்கும் விளக்குக்கான நியூட்ரல். இந்த நியூட்ரலை லோடு பின்னில் கொடுத்தால் ஷார்ட்தான். 230 வோல்ட் சுவிட்சை 12 வோல்ட் ஃபேனுக்குப் போட்டால் அதன் இண்டிகேட்டர் எரியாது. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று மாற்ற வேண்டாம்.

லைட்டும் ஃபேனும் ஒரே சுவிட்சில்

தனித்தனியாக வையுங்கள். லைட்டை அணைத்த பிறகும் தண்ணீர் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். ஃபேன் அப்போதும் ஓட வேண்டும். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. 100 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் ஏறாதபட்சத்தில் 5 டிகிரிக்கு மேல் குறையும். அந்த ஆவி மூடிக்குள் இருக்கும் ஜாயின்ட்டையும் விடாது, செம்பு பச்சை பூத்துவிடும். ஜாயின்ட்டுகளை மூடிக்கு வெளியே, மூடிய ஜங்ஷன் பாக்சில் வையுங்கள்.

அடாப்டரை விளிம்பில் ஓட்டுவது

12 வோல்ட்டில் 18 வாட் எல்இடி 1.5 ஆம்பியர் இழுக்கும். 0.2 ஆம்பியர் ஃபேன் இரண்டு சேர்ந்தால் மொத்தம் 1.9. இதற்கு 2 ஆம்பியர் அடாப்டர் கணக்கில் போதும், நடைமுறையில் போதாது. ஃபேன் கிளம்பும் நொடியில் அதிகம் இழுக்கும், அடாப்டரும் கொதிக்கும். 3 ஆம்பியர் வாங்குங்கள்.

ஃபேன்களைத் தொடராக இணைப்பது

12 வோல்ட்டில் இரண்டு ஃபேன்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ஆளுக்கு 6 வோல்ட்தான் கிடைக்கும், சில ஃபேன்கள் கிளம்பவே கிளம்பாது. சிவப்பெல்லாம் பிளஸ்ஸில், கறுப்பெல்லாம் மைனஸில். மூன்றாவதாக மஞ்சள் ஒயர் இருந்தால் அது வேகத்தைச் சொல்லும் சிக்னல். முனையை மூடி அப்படியே விடுங்கள்.

ஜாயின்ட்டில் வெறும் டேப்

ஈரத்தில் பசை விட்டுவிடும். ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்.

திருகு முனைக்கு ஈயம் பூசிய ஒயர்

ஈயம் மெல்ல அமுங்கி இணைப்பு தளர்ந்து சூடேறும். ஒயர் முனையில் கிரிம்ப் (அழுத்திப் பொருத்தும் சிறு உலோக முனை) போட்டுத் திருகை முறுக்குங்கள்.

ஒயரை நேராக பிளக்குக்கு இறக்குவது

சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.