கால்சியம் சரியாக இருந்தும் சொத்தை

என் மேல்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகள், அடுத்தடுத்துச் சொத்தை. கால்சியம் மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கால்சியம், வைட்டமின் டி இரண்டும் சரியாகவே இருந்தன.

பல் மருத்துவர் காற்றை ஊதிப் பல்லை உலர்த்தினார். ஈரத்தில் மறைந்திருந்த புள்ளிகளும் பளிச்சென்று தெரிந்தன. அப்புறம் கேட்டார்: "ராத்திரி வாய் வறண்டு போகுதா?" போகும்தான், அலர்ஜி மாத்திரை போட்டால். முளைத்துவிட்ட பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் வருவது ரத்தத்திலிருந்து அல்ல, எச்சிலிலிருந்து. வாயின் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் எண்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். கரைந்ததைத் திரும்பப் படியவைப்பது எச்சில்தான்.

மருத்துவர் அலர்ஜிக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். படுக்குமுன் ஃபுளோரைடு பேஸ்ட்டால் தேய்த்து நுரையைத் துப்புவதோடு சரி, கொப்பளிப்பதில்லை. புள்ளிகள் முழுதாகப் போகவில்லை. ஆனால் சொரசொரப்பு போய்ப் பளபளப்பு வந்திருக்கிறது. புதுச் சொத்தை இல்லை, அப்பாடா.