யூஎஸ்பி புரோகிராமருக்கு அனுமதி வழங்குகையில் நேரும் தவறுகள்

ஏவிஆர் வகை மைக்ரோகன்ட்ரோலரில் நிரல் ஏற்றுவதற்காக யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரை லினக்ஸ் கணினியில் செருகியதும், 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை அதைப் பட்டியலில் காட்டும். ஆனால் நிரலை ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூடோ அதைத் திறக்க அனுமதியில்லை என்று மறுக்கும். கருவி பழுது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில், செருகப்படும் ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் உருவாகும் சாதனக் கோப்பு வழக்கமாக ரூட் எனும் நிர்வாகக் கணக்கின் உடைமையாக, 0664 என்ற அனுமதியுடன் இருக்கும். மற்றவர்கள் அதைப் படிக்கலாம். நிரல் ஏற்றத் தேவையான எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இதற்குக் குறுக்குவழியாக எல்லாவற்றையும் ரூட் உரிமை தரும் சூடோவுடன் இயக்கினால், நிரலைத் தொகுக்கும் 'மேக்' உருவாக்கும் கோப்புகளும் ரூட்டுக்கே சொந்தமாகி, மறுநாள் சாதாரணப் பயனராகத் தொகுக்கும்போது புதிய அனுமதிப் பிழை முளைக்கும். சாதனக் கோப்பின் அனுமதியை 'சிஎச்மோட்' கொண்டு மாற்றுவதும் நிலைக்காது. கருவியைக் கழற்றிச் செருகியதும் வேறு எண்ணில் புதிய கோப்பு உருவாகிவிடும்.

டயல்அவுட் எனும் பயனர் குழுவில் சேருமாறு கூறும் அறிவுரை டெபியன், உபுண்டு போன்றவற்றில் சீரியல் போர்ட்டுக்குப் பொருந்தும். யூஎஸ்பிஏஎஸ்பிக்குச் சீரியல் போர்ட்டே கிடையாது என்பதால் அதனால் இங்கே பயனில்லை. குழுவில் சேர்க்கும்போது 'யூசர்மோட்' கட்டளையில் பெரிய 'ஜி' விருப்பத்தோடு சிறிய 'ஏ' விருப்பத்தையும் தர மறந்தால், பயனர் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குழுக்கள் அனைத்திலிருந்தும், சூடோ குழு உட்பட, நீக்கப்பட்டுவிடுவார். இப்பட்டியலில் மிகவும் விலை கொடுக்க வைப்பது இந்த ஓரெழுத்துத் தவறுதான்.

சரியான வழி, செருகப்படும் கருவிகளை லினக்ஸில் கையாளும் யூடெவுக்கு ஒரு விதி எழுதுவதாகும். விற்பனையாளர் எண் 16சி0, தயாரிப்பு எண் 05டிசி ஆகியவை பொருந்தும் யூஎஸ்பி கருவிக்கு உள்நுழைந்திருக்கும் பயனருக்கு அனுமதி தரும் 'யூஅக்சஸ்' குறிச்சொல்லைச் சேர்க்கும் ஒற்றை வரியே போதும். ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி (==) வேண்டும்; பதினறும எண்களில் வரும் எழுத்துகள் சிற்றெழுத்துகளாக இருக்க வேண்டும். விதி சரியாக இருந்தும் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் கோப்பின் பெயரே காரணம். பழக்கத்தால் பலர் 99 என்று பெயரைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்தக் குறிச்சொல்லைக் கவனித்து அனுமதி வழங்கும் கணினியின் விதிக்கோப்பு 73 என்று தொடங்குவதால், நம்முடையது அதற்கு முன்னதாக, 60 அல்லது 70 என்பதுபோல், அமைந்தால்தான் பயன் தரும். விதிகளை மறுபடி ஏற்றிய பிறகு கருவியைக் கழற்றிச் செருகவும் வேண்டும்.

அனுமதியை 0666 என்று வைத்து எல்லோருக்கும் திறந்துவிடுவது தேவைக்கு மிஞ்சியது. விதியில் வரும் விற்பனையாளர், தயாரிப்பு எண்கள் இரண்டும் யூஎஸ்பிஏஎஸ்பிக்கு மட்டும் உரியவை அல்ல. வேறு பல சிறு கருவிகளும் அவற்றைப் பகிர்ந்துகொள்வதால், தயாரிப்புப் பெயரையும் விதியில் ஒப்பிடுவது நல்லது.

யூஅக்சஸ் முறையில் கோப்பின் உரிமையாளர் ரூட் என்றே தெரியும். அதைக் கண்டு விதி தோற்றதாக எண்ண வேண்டாம். அனுமதி வரிசையின் இறுதியில் கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்த்து, கோப்பின் கூடுதல் அனுமதிகளைக் காட்டும் 'கெட்எஃப்ஏசிஎல்' கட்டளையில் தம் பெயர் வருகிறதா என உறுதி செய்துகொள்ளலாம். இம்முறை கணினியின் முன் நேரடியாக உள்நுழைந்திருப்பவருக்கே அனுமதி தரும். திரையில்லாத ராஸ்பெர்ரி பை சிறு கணினியில் எஸ்எஸ்எச் எனும் தொலை இணைப்பு வழியாக வேலை செய்பவர், அதே விதியில் பிளக்டெவ் போன்ற ஒரு குழுவையும் 0660 அனுமதியையும் குறிப்பிட்டு, அக்குழுவில் சேர்ந்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.