36 அங்குலச் சக்கரத்தில் சைக்கிள் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண சைக்கிளின் வரைபடத்தை எடுத்து, சக்கரத்துக்கு ஏற்ற விகிதத்தில் எல்லாவற்றையும் பெரிதாக்கினால் போதும் என்று நினைப்பதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். சக்கரம் வளரும், ஓட்டுகிறவரின் காலும் கையும் வளராதே. 29 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து சுமார் 37 செ.மீ. உயரத்தில் இருக்கும். 36 அங்குலத்தில் அது 46 செ.மீ. ஆகிவிடும். பெடல் அச்சோ, அதாவது இரண்டு பெடல் கைகளும் சுற்றும் நடு அச்சோ, எப்போதும்போல 30 செ.மீ. வாக்கில்தான் இருந்தாக வேண்டும். அதாவது சக்கர அச்சுகளைவிட ஏறத்தாழ 15 செ.மீ. கீழே. பழைய வரைபடத்தில் இருக்கும் 6 செ.மீ. இறக்கத்தையே வைத்துக் கட்டினால், ஏறி உட்காருவதே ஒரு வித்தையாகிவிடும்.

இந்த இறக்கம் பின்பக்கத்தில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. டயர் பெடல் அச்சில் இடிக்குமா என்று பலரும் பார்க்கிறார்கள், ஆனால் அது இடிப்பது சீட்டைத் தாங்கும் சீட் குழாயில். பெடல் அச்சு தாழ்ந்திருப்பதால், அங்கிருந்து பின்னால் சாய்ந்து மேலேறும் குழாய் நேராக டயருக்குள் போய் நிற்கும். 73 டிகிரி சாய்வில் நேரான குழாய்தான் வேண்டும் என்றால், பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 57 செ.மீ. விட வேண்டும். குறுகிய வளைவில் திருப்பவே சிரமப்படும் நீளம் அது. சீட் குழாயை வளைத்துவிட்டால் 51, 52 செ.மீ.யில் முடித்துவிடலாம். வளைக்கும் வேலை கூடுதல்தான், ஆனாலும் நான் அதன் பக்கம்.

முன்பக்கத்தில் ட்ரெயிலைக் கணக்குப் போடாமல் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையைச் செய்துவிடுவார்கள். ஸ்டீயரிங்கின் சாய்வுக் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். 70 டிகிரி சாய்வும் 50 மி.மீ. ஆஃப்செட்டும் (அந்தச் சாய்வுக் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) இருந்தால் 29 அங்குலத்தில் ட்ரெயில் 81 மி.மீ. வரும். அதே ஃபோர்க் கணக்கில் 36 அங்குலத்தைப் போட்டால் 113! மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். சாய்வை நிமிர்த்தியும் ட்ரெயிலைக் குறைக்கலாம்; ஆனால் அதனால் சக்கரம் பின்னால் வந்து, திருப்பும்போது ஷூ நுனியில் உரசும். ஆஃப்செட்டை 75 மி.மீ. ஆக்கிவிட்டால் ட்ரெயில் 86 அளவுக்கு இறங்கும், சக்கரமும் காலைவிட்டுத் தள்ளிப் போகும்.

ஹேண்டில்பார் உயரத்தையும் முதலிலேயே பாருங்கள். டயருக்கு மேலே ஃபோர்க், அதற்கும் மேலே ஃபோர்க்கின் தண்டு சுழலும் ஹெட் குழாய் என்று அடுக்கினால் ஒரு மீட்டர் உயரம் சுலபமாகத் தாண்டிவிடும். குட்டையான ஹெட் குழாய், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் கீழ்நோக்கியதாக, தட்டையான பார் எல்லாம் போட்டும் உயரம் குறையவில்லை என்றால், அந்த ஓட்டுநருக்கு 36 சரிப்படாது. 32 அங்குலம் போதும் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

ரிம், டயர் இரண்டும் கையில் வருவதற்கு முன் குழாயை வெட்டாதீர்கள். அங்குலக் கணக்கு வெறும் பெயர்தான். டயர் உட்காரும் விட்டம்தான் உண்மை. 36க்கு அது 787 மி.மீ., 32க்கு 686, 29க்கு 622. டயரின் உண்மையான வெளிவிட்டத்தை நீங்களே அளந்து, பிறகு வரையுங்கள்.

சக்கரம் கட்டும்போது சாதாரண ஹப்பைப் போடுவதும் நடக்கிறது. ஸ்போக் நீளமாகிறது, ஹப் அகலம் மட்டும் அப்படியே நின்றால் ஸ்போக்கின் பக்கச் சாய்வு குறைந்து, பக்கவாட்டில் சக்கரம் தொளதொளவென்று ஆகும். எத்தனை முறை கோட்டம் எடுத்தாலும் நிற்காது. ஃபிளேஞ்ச்கள் (ஸ்போக் மாட்டும் பக்க விளிம்புகள்) நன்றாகத் தள்ளியிருக்கும் அகலமான ஹப், குறைந்தது 36 ஸ்போக் வேண்டும்.

கியர் விஷயம் எளிது. செயின் வருவதற்கு முந்தைய உயரச் சக்கர சைக்கிள்களில் பெடல் நேராக முன் சக்கரத்திலேயே இருந்தது. அங்கே சக்கரத்தின் அளவுதான் கியர். இன்றும் அந்தக் கணக்கு மாறவில்லை. 29 அங்குலத்தில் 32 பல் செயின்ரிங் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) பழகியவருக்கு, 36இல் அதே உணர்வு 26 பல்லில்தான் கிடைக்கும்.

பிரேக்குக்கும் இதே விகிதம். 203 மி.மீ. டிஸ்க் இங்கே, 29 அங்குலச் சக்கரத்தில் 163 மி.மீ. டிஸ்க் பிடிப்பது போலத்தான் பிடிக்கும். முன்பக்கம் அதற்குக் குறைவாகப் போட வேண்டாம்.